வால்பாறை: மழைக்கு ஸ்கூல் லீவு... கொழுந்துக்கு லீவு இல்லை! - பிள்ளையை எங்கே விடுவது?

ஜூன், ஜூலை வந்துவிட்டால் டி.வி-யின் அடியில் ஒரு வரி ஓடும். கனமழை காரணமாக வால்பாறை தாலுகா பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. பொள்ளாச்சியில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்து ஏங்குவார்கள். கோவையில் இருக்கும் பிள்ளைகள், 'நம்ம ஊருக்கு எப்போ விடுவாங்க?' என்று கேட்பார்கள்.

அதே வரியை வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டில் ஓர் அம்மா பார்க்கும்போது கணக்கு வேறு. பள்ளிக்குத்தான் விடுமுறை, தேயிலைக்கு இல்லை. மழையில் கொழுந்து இன்னும் வேகமாகத் துளிர்க்கும். பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றிக்கொண்டு அவர் காட்டுக்குப் போயே ஆக வேண்டும். எல்.கே.ஜி படிக்கும் பிள்ளையை இன்று யாரிடம் விடுவது?

போன வருடம் வரை இந்தக் கேள்வியே எழவில்லை. அப்போது பிள்ளை எஸ்டேட் காப்பகத்தில் இருந்தது. இப்போது பெரிய பிள்ளையாகிவிட்டது என்று காப்பகத்திலிருந்து எடுத்தாயிற்று. எடுத்தது சரிதானா? இந்த யோசனை வால்பாறை மலையில் ஏதோ ஒரு வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

40 வளைவு ஏறினால்...

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை தொடங்குகிறது. அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். பஸ்ஸில் வரும் குழந்தைகள் எண்ணிக்கொண்டே வந்து பாதியில் தூங்கிப்போவார்கள். 9-வது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். இந்த மலைப்பாதையை வகுத்த லோம் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. கீழே ஆழியாறு அணை நீலத் தட்டு மாதிரி தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் பாறைமேல் வரையாடுகளும் தென்படும்.

அட்டகட்டி, வாட்டர்பால்ஸ் தாண்டினால் காடு விலகித் தேயிலை தொடங்கும். கவர்க்கல் பக்கம், இங்கே தேயிலை வளர்த்த ஆரம்பகாலத் தோட்டக்காரர்களில் ஒருவரான கார்வர் மார்ஷின் சிலை நிற்கிறது. ரொட்டிக்கடை, புதுத்தோட்டம் என்று ஊர்ப் பெயர்கள் வரும். புதுத்தோட்டத்தில் சாலையோர மரங்களில் சிங்கவால் குரங்குகள் தாவிக்கொண்டிருக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் டவுன்.

சுற்றுலா வருபவர்கள் சோலையாறு அணை, நல்லமுடி, சின்னக்கல்லாறு, கூழாங்கல் ஆறு என்று பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அந்த போட்டோக்களின் பின்னணியில் பச்சைச் சரிவுகளுக்கு நடுவே தகர ஓடு போட்ட நீளமான வீடுகள் வரிசையாகத் தெரியும். அவைதான் லைன் வீடுகள். அவற்றை ஒட்டி எங்காவது வேலி போட்ட சின்னக் கட்டடம் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் பிள்ளைக் காப்பகம். 'கிரஷ்' என்றும் சொல்வார்கள். உள்ளே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் எல்லோருக்கும் ஆயாம்மா.

2001 கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை 90 ஆயிரத்துக்கும் மேல். 2011-ல் அது சுமார் 70 ஆயிரம். எஸ்டேட்டில் பிறந்த பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் ஏறி வந்தன. தொட்டிலில் தூங்கும் குழந்தைகளின் தாய்மொழிகூட இப்போது பல காப்பகங்களில் மாறிவிட்டது.

வேலைக்காகப் பிறந்த காப்பகம்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அம்மா காட்டுக்குப் போனால் கைக்குழந்தையை யார் பார்ப்பது என்பது தோட்டங்கள் தொடங்கிய நாளிலிருந்தே உள்ள பிரச்னை. தோட்டத் தொழிலாளர் சட்டம்-1951 இதற்கு ஒரு வழி சொன்னது. 50 பெண்கள் வேலை பார்த்தாலோ, பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேர் இருந்தாலோ, 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நிர்வாகம் காப்பகம் நடத்த வேண்டும். அறையில் வெளிச்சமும் காற்றும் வேண்டும். சுத்தம் வேண்டும். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

2020-ம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, 13 பழைய சட்டங்களை ஒன்றாக்கியது. தோட்டத் தொழிலாளர் சட்டமும் அவற்றில் ஒன்று. 50 தொழிலாளர்களுக்கு மேல் உள்ள இடத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் என்று அது பேசுகிறது. 'பெண் தொழிலாளர்' என்று பிரிக்காமல் 'தொழிலாளர்' என்றே சொல்வது கவனிக்க வேண்டிய மாற்றம்.

எஸ்டேட் காப்பகத்தின் பெரிய பலம் அதன் நேரம். அம்மாவின் வேலை நேரம்தான் காப்பகத்தின் நேரம். மஸ்டருக்குப் போகும் வழியிலேயே பிள்ளையை விட்டுவிடலாம். நகரத்து டே கேரில் பத்து நிமிடம் தாமதமானால் போன் வரும். இங்கே கொழுந்து நிறுக்க நேரமானால் அந்த விஷயம் ஆயாம்மாவுக்கே தெரிந்திருக்கும்.

பிள்ளை 'வீட்டில்' இருக்கட்டும் என்று அம்மா வேலையை விடுவது இங்கே சுலபமான வழி அல்ல. எஸ்டேட் வீடு வேலையோடு சேர்ந்தது. குடும்பத்தில் யாராவது வேலையில் இருக்கும்வரைதான் அந்தக் கூரை. கணவர் டவுனில் டிரைவராகவோ கடையிலோ வேலை பார்க்கும் குடும்பங்களில், மனைவியின் எஸ்டேட் வேலைதான் வீட்டையும் பி.எஃப்-ஐயும் பிடித்து வைத்திருக்கிறது. பிள்ளையை எங்கே விடுவது என்ற கேள்வியில் குடியிருப்பும் சேர்ந்தே தொங்குகிறது.

இதனாலேயே வால்பாறை அம்மாக்களின் பேச்சில் 'எது நல்ல காப்பகம்?' என்பதைவிட 'இந்த வருஷத்துக்கு நமக்கு எது ஒத்துவரும்?' என்ற கேள்வி அதிகம் வருகிறது. பிள்ளையின் வயது மாறும்போதெல்லாம் விடையும் மாறுகிறது.

கைக்குழந்தைக்கு: தூரம்தான் முதல் விஷயம்

மகப்பேறு நலச் சட்டப்படி முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுமுறை. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவர் வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்குச் சுமார் நாலு மாதம்தான் ஆகியிருக்கும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தில் காப்பகத்தின் தூரம்தான் எல்லாம்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆனால், தேயிலைக் காட்டில் வேலை நடக்கும் இடம் நிலையாக இருப்பதில்லை. பறித்த செடி மறுபடி துளிர்க்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். திங்கள்கிழமை காப்பகத்துக்குப் பின்னாலேயே வேலை. வியாழக்கிழமை மலையின் அடுத்த பக்கம். கீழே இறங்கி, பால் கொடுத்து, மறுபடி ஏறினால் இடைவேளை நடையிலேயே தீர்ந்துபோகும்.

எனவே, கைக்குழந்தையோடு வேலைக்குத் திரும்புபவர் முதலில் சூப்பர்வைசரிடம் பேசிவிடுவது இங்கே வழக்கம். 'அண்ணே, ரெண்டு மாசத்துக்குப் பக்கத்துக் காடாப் பார்த்துப் போடுங்க' என்று கேட்பார்கள். எங்கே இது நடக்கிறதோ அங்கே காப்பகம் பொருந்துகிறது. நடக்காத இடத்தில் பாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டோரம் வருகிறார், அல்லது புட்டிப்பால் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது.

பிள்ளைகள் குறைந்த டிவிஷன்களில் இன்னொரு சிக்கல். இரண்டு காப்பகத்தை ஒன்றாக்கினால் ஆயாம்மா அதே ஆயாம்மாவாக இருக்கலாம், கட்டடம்கூட இன்னும் நன்றாக இருக்கலாம். ஆனால், வீட்டு வாசலில் இருந்தது ஒன்றரை கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயமில்லை, அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நாலு மாதக் குழந்தைக்கு அந்த ஒன்றரை கிலோமீட்டரும் கணக்கில் வரும்.

மூன்றரை வயதில்: காப்பகமா, எல்.கே.ஜி-யா?

அதிக விவாதம் நடப்பது இங்கேதான். மூன்றரை வயதாகிவிட்டால் பிள்ளைக்கு ஆயாம்மாவின் பாட்டும் தொட்டிலும் போதவில்லை. காப்பகத்தில் மற்ற குழந்தைகள் எல்லாம் தவழ்கிறார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. இந்தப் பிள்ளை ஜன்னலில் ஏறுகிறது, குழந்தைகளை எழுப்பிவிடுகிறது. 'இவன் வயசுக்கு இங்க யாரும் இல்லம்மா' என்று ஆயாம்மாவே சொல்ல ஆரம்பிப்பார்.

அப்பா டவுனில் இருக்கும் ஆங்கிலப் பள்ளியைச் சொல்வார். வேன் லைன் வீட்டு முக்கு வரை வரும். ஷூ, டை, பை எல்லாம் வரும். பாட்டிக்குப் பெருமை. அம்மாவுக்குக் கணக்கு. எல்.கே.ஜி மதியமே முடிந்துவிட்டால், அல்லது வேன் மூன்றரை மணிக்கே இறக்கிவிட்டால், வேலை முடிய இன்னும் நேரம் இருக்கிறது. ஃபீஸும் வேன் கட்டணமும் சேர்ந்து சம்பளத்தில் எவ்வளவு போகும் என்ற கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது.

அங்கன்வாடியும் இருக்கிறது. 1975-ல் நாடு முழுவதற்கும் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகளின் கீழ் நடக்கும் மையம். மதிய உணவு, முட்டை, எடை பார்ப்பது, பாட்டு, கதை எல்லாம் உண்டு. 2019-ல் தமிழக அரசு, அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி, யு.கே.ஜி தொடங்கியது. கட்டணம் இல்லை. ஆனால், அங்கன்வாடிக்கும் எஸ்டேட் சைரனுக்கும் சம்பந்தம் இல்லை. அரசு விடுமுறை வேறு, எஸ்டேட் விடுமுறை வேறு.

பலர் இதை 'இதுவா, அதுவா' என்று பார்க்கிறார்கள். எல்.கே.ஜி சேர்த்த அன்றே காப்பகத்தில் பெயரை அடித்துவிடுகிறார்கள். சட்டம் சொல்வது 6 வயது வரை. நாலு வயதுப் பிள்ளை காலையில் எல்.கே.ஜி-க்குப் போய்விட்டு மதியம் காப்பகத்துக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கக் கூடாது என்று எதுவும் இல்லை. மழைக்குப் பள்ளி விடுமுறை விட்ட நாளில் அந்தப் பிள்ளை மறுபடி ஆயாம்மாவிடம் வரலாம். இதை நிர்வாகத்திடமும் ஆயாம்மாவிடமும் முன்கூட்டியே பேசி வைத்த குடும்பங்களுக்கு ஜூன் மாதம் கொஞ்சம் நிம்மதியாகப் போகிறது. பேசாத வீட்டில் அம்மா அன்றைக்குச் சம்பளத்தை விடுகிறார், அல்லது பத்து வயது அக்காவிடம் தம்பியை விட்டுவிட்டுப் பயந்துகொண்டே கொழுந்து பறிக்கிறார்.

தமிழ் பேசும் ஜார்க்கண்ட் பிள்ளை

ஜார்க்கண்டிலிருந்து வந்த வீடுகளில் கேள்வி வேறு மாதிரி. அங்கிருந்தும் அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் வருபவர்களில் பலர் சாத்ரி பேசுகிறார்கள். நூறு வருடங்களுக்கு முன் ஜார்க்கண்ட் பகுதியிலிருந்து அசாம் தோட்டங்களுக்குப் போன மக்களோடு அந்த மொழியும் போனது. இப்போது அதே மொழி ஆனைமலைக்கு வந்திருக்கிறது.

இரண்டு வயதில் காப்பகத்துக்கு வரும் பிள்ளை முதல் சில வாரங்கள் வாயே திறக்காது. ஆயாம்மாவுக்கு சாத்ரி தெரியாது, பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆனால், தண்ணீர், சோறு, தூக்கம், 'வா... வா...' எல்லாம் சீக்கிரமே வந்துவிடுகின்றன. சில மாதங்களில் 'ஆயாம்மா, இவன் என்னை அடிச்சுட்டான்' என்று தெளிவாகத் தமிழில் புகார் சொல்லும். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அம்மா அப்பாவுக்காகப் பேசுவது பின்னால் இந்தப் பிள்ளைதான்.

இந்தக் குடும்பங்களுக்கு மலையில் பாட்டி, தாத்தா இல்லை. காப்பகம் இல்லையென்றால் அம்மா முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டும், அல்லது பிள்ளையை ஊரில் விட்டுவிட்டு வர வேண்டும். எனவே, காப்பகம் சுமாராக இருந்தாலும் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். பால் கொடுத்தார்களா, ஏன் இந்தக் கொப்புளம் என்று கேட்க மொழியும் கைகொடுக்காது. பக்கத்து லைன் வீட்டில் இந்தி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை ஆயாம்மாவிடம் பத்து நிமிடம் பேசினாலே பாதிக் குழப்பம் தீரும். தமிழ்க் குடும்பங்கள் பக்கத்து வீட்டுக்குச் செய்யக்கூடிய மிகச் சின்ன உதவி இது.

இன்னொரு கேள்வியும் இந்த வீடுகளில் உண்டு. ஊருக்குத் திரும்பிப் போனால் தமிழில் படிக்க ஆரம்பித்த பிள்ளை அங்கே என்ன செய்யும்? இரண்டு வருடத்தில் திரும்பிவிடும் எண்ணம் இருந்தால் வீட்டில் சாத்ரியையும் இந்தியையும் விடாமல் பேச வேண்டும். இங்கேயே இருப்பது என்றால் தமிழ் அங்கன்வாடி பலம். காப்பகத்தை முடிவு செய்வதற்கு முன் முடிவாக வேண்டியது இதுதான்.

மாலை 4 முதல் 6 வரை

வால்பாறையில் குழந்தையைப் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. சிறுத்தை.

ஆனைமலைப் புலிகள் காப்பகம் இந்தத் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி இருக்கிறது. யானையும் காட்டுமாடும் சிறுத்தையும் கரடியும் தோட்டத்துக்குள் நடமாடுவது புதிதல்ல. யானை நடமாட்டத்தை மொபைலுக்குச் செய்தியாக அனுப்புவதும், சிவப்பு விளக்கு எரியவிட்டு எச்சரிப்பதும் இங்கே பல வருடங்களாக நடைமுறையில் உள்ளன. யானை பெரிய உருவம். தகவல் வந்துவிடும். சிறுத்தை அப்படி இல்லை. 2024-லும் 2025-லும் வடமாநிலத் தொழிலாளர்களின் சிறு குழந்தைகள் சிறுத்தை தாக்கி இறந்தார்கள். அந்தத் துயரம் இந்த மலையை விட்டு இன்னும் போகவில்லை.

காப்பகத்துக்குள் பிள்ளை இருக்கும்வரை ஒரு பெரியவரின் கண் இருக்கிறது, கதவு இருக்கிறது, வேலி இருக்கிறது. ஆபத்து அதற்குப் பிறகான நேரத்தில். அம்மா வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அடுப்பு பற்ற வைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், துணி அலச வேண்டும். பிள்ளை வாசலில் விளையாடும். வாசலுக்கு நாலடி தள்ளித் தேயிலைச் செடி. வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கும்.

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். காப்பகம் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் வந்ததால் காலை நேரம் கொஞ்சம் எளிதாகிவிட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போன திட்டம் அது. அம்மா சீக்கிரமே வேலைக்குக் கிளம்பினாலும் பிள்ளை பள்ளியில் சாப்பிட்டுவிடும். ஆனால், மாலையில் பள்ளி விட்டதற்கும் அம்மா வீடு வருவதற்கும் நடுவே இருக்கும் நேரத்துக்கு எந்தத் திட்டமும் இல்லை. 7 வயதுப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு தேயிலை நடுவே நடந்து பூட்டிய வீட்டுக்கு வருகிறது.

இதற்கு லைன் வீடுகளில் இருக்கும் பழைய வழி, சேர்ந்து பார்த்துக்கொள்வதுதான். ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் வீட்டுத் திண்ணையில் அந்த வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் கூட்டமாகத்தான் நடந்து வர வேண்டும், தனியாக யாரும் வரக் கூடாது. வீட்டைச் சுற்றிப் புதர் வெட்டி வைப்பது, வாசல் விளக்கு எரிவது, இறைச்சிக் கழிவை வீட்டருகே கொட்டாமல் இருப்பது எல்லாம் வனத்துறையும் இயற்கை ஆர்வலர்களும் திரும்பத் திரும்பச் சொல்பவை. நாயையும் கோழியையும் தேடி வரும் சிறுத்தைதான் வீட்டருகே சுற்றும்.

எனவே, இங்கே ஒரு குடும்பம் பள்ளியை மாற்றும்போது ஃபீஸையும் ஆங்கிலத்தையும் கேட்பதற்கு முன் இதைக் கேட்கிறது: வேன் எங்கே இறக்கிவிடும்? லைன் வாசலிலா, ரோட்டு முக்கிலா? அங்கிருந்து வீடு வரை யார் கூட வருவார்?

ஆயாம்மா ஓய்வு பெறும் வருடம்

சில வருடம் எதுவுமே மாறாமல் எல்லாம் மாறிவிடும். அதே கட்டடம், அதே நேரம், அதே தொட்டில். ஆயாம்மா மட்டும் ஓய்வு பெற்றுவிடுவார். அம்மாவைத் தொட்டிலில் ஆட்டியவரே மகளையும் ஆட்டியிருப்பார். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சளி மருந்து ஒத்துக்காது என்பது அவர் நினைவில்தான் இருந்தது, எந்த நோட்டிலும் இல்லை.

புதியவர் வந்ததும் பிள்ளை அழும். அது இயல்பு. இரண்டு, மூன்று வாரம் பார்க்கலாம். காலையில் விடும்போது அழுதுவிட்டுப் பிறகு விளையாடும் பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் சாப்பிடாமல், ஒதுங்கியே இருந்தால், ராத்திரித் தூக்கத்தில் அலறினால், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்தால் நிதானமாகக் கவனிக்க வேண்டும். அதற்காகப் புது ஆயாம்மாமேல் பாய வேண்டும் என்பதில்லை. அவரிடம் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், உதவிக்கு ஆள் உண்டா, பால் காய்ச்சும் நேரத்தில் தவழும் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டால், பல நேரம் குறை ஆளிடம் இல்லை, ஆள் பற்றாக்குறையில் இருப்பது தெரியும். அதை நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் நாலு அம்மாக்கள் சேர்ந்து கேட்கலாம். ஒருவர் தனியாகப் பிள்ளையை எடுத்துவிட்டால் அந்தக் குறை அப்படியே இருக்கும்.

ஜூனுக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

எஸ்டேட் காப்பகத்துக்கும், கோவை அப்பார்ட்மென்ட் டே கேருக்கும், திருப்பூர் பனியன் கம்பெனி காப்பகத்துக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். ஏப்ரல், மே மாதத்தில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடலாம்.

* நேரம்: காலை 6 முதல் இரவு 8 வரை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு மணிக்கும் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று பெயர் போடுங்கள். பெயர் இல்லாத மணி எது? புது ஏற்பாடு அதை நிரப்புகிறதா, புதிதாக ஒன்றை உண்டாக்குகிறதா?
* விடுமுறை: பள்ளிக்கு லீவு, உங்களுக்கு வேலை என்ற நாளில் என்ன செய்வீர்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது? அம்மா மட்டும்தானா?
* வயது: அங்கே உங்கள் பிள்ளையின் வயதில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா? போன வருடம் பொருந்திய இடம் இந்த வருடம் அலுப்பாக இருக்கலாம்.
* பேச்சு: 'அழுதானா?' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும். 'இன்னைக்கு யாரோட விளையாடினான்? என்ன சாப்பிட்டான்?' என்று கேளுங்கள். பார்த்துக்கொண்டவருக்குத்தான் இதற்குப் பதில் தெரியும்.
* நேரில் பார்ப்பது: வழக்கமான நேரத்தில் இல்லாமல் ஒருநாள் நடுவே போய்ப் பாருங்கள். துணி ஈரமாக இருக்கிறதா, தூங்கும் இடம் சுத்தமா, கதவு மூடியிருக்கிறதா? குறை கண்டுபிடிக்கப் போகிறோம் என்ற முகத்தோடு போக வேண்டாம்.
* பணம்: ஃபீஸோடு வேன், டிபன், போகாத நாளுக்கான சம்பள இழப்பு எல்லாவற்றையும் கூட்டுங்கள். இலவசமான இடமும் வாரம் ஒருநாள் சம்பளத்தைப் பறித்தால் இலவசம் அல்ல.
* பின்வாசல்: புது இடம் ஒத்துவரவில்லை என்றால் பழைய இடத்தில் மறுபடி சேர்ப்பார்களா? முடிந்தவரை பெயரை ஒரு மாதமாவது விட்டுவையுங்கள்.

பாட்டி, தாத்தாவிடம் விடுவதற்கும் இதே கேள்விகள் உண்டு. 35 வருடம் மலை ஏறி இறங்கிய பாட்டியின் முழங்காலுக்கு ஓடும் மூன்று வயதுப் பேரனைப் பிடிக்க முடியுமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும். 'நான் பாத்துக்கறேன்' என்றுதான் அவர் சொல்வார். நாள் முழுக்க அவரிடம் விடாமல், காப்பகம் முடிந்த பிறகான இரண்டு மணி நேரத்தை மட்டும் கொடுத்தால் பாட்டிக்கும் பேரனுக்கும் நல்லது.

எல்லாம் பேசிய பிறகு, 'இந்த வருஷமும் காப்பகமே இருக்கட்டும்' என்று முடிவாகலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஷூ போட்டு வேனில் போவதைப் பார்த்து இதில் சங்கடப்பட எதுவும் இல்லை. பிள்ளை சாப்பிட்டு, விளையாடி, தூங்கி, பேசி வளர்கிறது. அம்மா பதற்றமில்லாமல் வேலை பார்க்கிறார். அந்த வீட்டுக்கு அந்த வருடத்துக்கு அது போதும். அடுத்த மே மாதம் மறுபடி பேசிக்கொள்ளலாம்.

வால்பாறை போகிறவர்களுக்கு...

* பொள்ளாச்சியிலிருந்து பஸ் வசதி உண்டு. சொந்த வாகனத்தில் போகிறவர்கள் பகலிலேயே மலை ஏறிவிடுவது நல்லது. இ-பாஸ் நடைமுறை, மழை நிலவரம் இரண்டையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.
* எஸ்டேட் சாலைகளில் மாலை 4 மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் நடந்து வருவார்கள். வளைவுகளில் மெதுவாகப் போங்கள்.
* தேயிலைச் செடிக்குள் இறங்கி செல்ஃபி எடுக்க வேண்டாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டாம். சாப்பாட்டுக் கழிவை வழியில் கொட்ட வேண்டாம். நீங்கள் இறங்கிப் போன பிறகு அதைத் தேடி விலங்கு வரும் இடத்தில் குழந்தைகள் இருக்கிறார்கள்.
* காப்பகமோ லைன் வீடோ சுற்றுலா இடம் அல்ல. அனுமதி கேட்காமல் அங்கிருக்கும் குழந்தைகளை போட்டோ எடுக்காதீர்கள்.